மற்றவர்களுக்கான மரணசாதனம்

செத்தவீட்டுக்குப் போனால் அழாமல், ஆறுதல் சொல்லாமல், பிரேதத்தின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், "சொத்தை எழுதி வைச்சவரோ?" என்று முதலில் கேட்கிற மனிதர் ஒருவகை. உங்களுக்குத் தெரியாதா? தெரியும். உங்கள் வீட்டுப் பந்தலிலும் ஒருவர் வந்து கதிரை இழுத்துப் போட்டிருப்பார்.

ஓமந்தையில் அவருக்குப் பெயர் குகதாசன். கூட்டுறவுச் சங்கக்கடையின் முன்னாள் மனேஜர். கலியாணவீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனை ஓரமாகக் கூட்டிப்போய், வயல் ஆருக்கு என்று விசாரிப்பார். கோயிலில் சாமி வீதி சுற்றும்போது பின்னால் நடந்தபடியே, பிள்ளைக்கு நன்கொடை உறுதி எழுதினாலும் சீவிய உரித்தை நாங்கள் வைத்துக்கொண்டால்தான் சாகும்வரை அந்த வீட்டில் இருக்கலாம் என்று விளக்குவார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சேலைன் ஏறிக்கொண்டிருப்பவரிடம் குனிந்து, "சொத்து ஆருக்கெண்டு மரணசாதனம் எழுதிறதெண்டால் சொல்லுங்கோ, உறுதி முடிக்க நல்ல நொத்தாரிசு ஒருத்தர் இருக்கிறார்" என்பார். ஏறிய சேலைன் நின்றுவிடும்.

சும்மா சொல்லக்கூடாது, அவருக்குக் காரணம் இருந்தது. அவருடைய தம்பி ஒன்றும் எழுதாமல் கண்ணை மூடினான். தம்பியின் பிள்ளைகள் இரண்டுபேரும் வயலுக்காக வழக்குப் போட்டுக் கோட்டுப் படி ஏறினார்கள். இன்னும் ஏறுகிறார்கள். வயல் பற்றை மண்டிக் கிடக்கிறது. அந்தக் கதையைச் சொல்லும்போது குகதாசனுக்குக் கண் கலங்கும். உண்மையாகவே கலங்கும்.

சரி, அவர் எழுதினாரா? எங்கே எழுதுகிறார்! மனைவி நேசமலர் கேட்டால், விதைப்பு முடியட்டும் என்பார். விதைத்து முடிந்தால் அறுவடை. அறுத்து முடிந்தால் சனிமாற்றம். சனி மாறினால், "இப்ப எனக்கு என்ன, நோயோ வருத்தமோ?" என்று ஒரு பாய்ச்சல்.

நேசமலர் கெட்டிக்காரி. "என்ர சீதனக் காணி அலுவல் ஒண்டு இருக்கு, துணைக்கு வாங்கோ" என்று கூப்பிட்டாள். மற்றவர்களின் அலுவல் என்றால் அவர் பறந்து வருவாரே! வவுனியாவில் நொத்தாரிசு சுரேகாவின் கந்தோரில், அவளுக்கே பாடம் எடுக்கிற தோரணையில் உட்கார்ந்தார்.

நேசமலர் தொண்டையைக் கனைத்தாள். "பிள்ளை, நான் செத்தால் என்ர சீதன வீடும் வளவும் மகள் கிருசாந்திக்கு. ஆனால் இவர் சாகுமட்டும் அதிலை இருக்கலாம்."

குகதாசன் துள்ளி எழும்பினார். "ஆர் சாகுமட்டும்?"

"நீங்கள்தான்."

சுரேகா இந்தப் பக்கம் திரும்பினாள். "அப்ப ஐயாவின்ர வயலையும் எழுதிவிடுவமே? நீங்கள் இறந்த பிறகு அது…"

"பிள்ளை, பிள்ளை, அப்பிடி எழுதாதையுங்கோ! 'வெளியூர் போனால்' எண்டு போடுங்கோ."

"வெளியூர் போனால் திரும்பி வந்திடுவியளே, ஐயா."

ஊரில் எல்லோருடைய சாவையும் சர்வசாதாரணமாகக் கதைத்த மனிதர், தன்னுடைய சாவை அந்தக் கந்தோரில்தான் முதன்முதலாக நேருக்கு நேர் கண்டார். மேசைக்குக் கீழே நேசமலர் அவருடைய கையைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட தம்பியின்ர வயல் கிடக்கிற கிடையைப் பாத்தனியள்தானே? எங்கடையும் அப்பிடிக் கிடக்கவேணுமே?"

குகதாசன் மேசையில் கிடந்த தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு மெல்ல, "மகன் ஜனகனுக்கு எண்டு எழுதுங்கோ. நான்… செத்தால்" என்றார். சாட்சிக்கு இரண்டுபேர் வந்து நின்றார்கள். குகதாசன் ஒப்பம் வைத்தார்.

வெளியே வந்து வெயிலில் நின்றபோது, ஒப்பம் வைத்த பிறகும் உயிர் அப்படியே இருப்பது அவருக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. பசித்தது. சாப்பாட்டுக் கடைக்குள் போய் ரோல்ஸும் பிளேன்ரீயும் கேட்டு வாங்கி, மனைவிக்கும் ஒன்று நீட்டினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தை நீங்களாகவா தேடி எடுத்தீர்கள்? இல்லாவிட்டால், உங்கள் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் யாரோ விரித்து வைத்துவிட்டுப் போனார்களா? அப்படியென்றால், குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று ஒருவர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எழும்பிச் சேர்ட்டைப் போடுங்கள், நொத்தாரிசு கந்தோர் திறந்திருக்கும்.