ரெண்டு கிலோ பெரியப்பாவும் ஒரு போத்தல் காய்ச்சல் மருந்தும்

இந்த உலகத்தில் எடையுள்ள பொருள் எதுவாயினும், என் பெரியப்பாவின் கண்ணில் பட்டுவிட்டால் அதன் எடையில் இரண்டு கிலோ குறைந்துவிடும். இதற்கு விதிவிலக்கு கிடையாது. நோர்வூட்டுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை. மலையிலிருந்து இறங்கிவரும் பெண்கள் கொழுந்துச் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டுவார்கள். முள் பதினெட்டில் நிற்கும். பெரியப்பாவின் வாய் "பதினாறு!" என்று கூவும். சாக்குக்கும் ஈரத்துக்குமான கழிவு அது. தோட்டம் முழுவதும் அவருக்கு 'ரெண்டு கிலோ' என்றே பெயர். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே தலையைச் சொறிவார்.

கழிவைக் கண்டுபிடித்தவர் அவரல்லர். தோட்டத்தை நடத்தும் துரை சொல்கிறார், பெரியப்பா கழிக்கிறார். அந்த இரண்டு கிலோவில் ஓர் இலைகூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. ஆனால் அவர் அதைக் கழித்த விதத்தில் ஒரு பக்தி இருந்தது. மழை நாளில் யாரும் அவரோடு வாதாடுவதில்லை. வெயில் கொளுத்தும் நாளில் மட்டும், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் குரல்கள் உயரும்.

"ஐயா, மூணு வாரமா ஒரு பொட்டு மழையில்ல. இதுல எங்கிட்டுங்க ஈரம்?"

"காலம்பொற பனி பேஞ்சுச்சுல்ல?"

"இது பின்னேரக் கொழுந்துங்க!"

"அப்ப வேர்வ ஈரம். அடுத்தது!"

அந்த 'அடுத்தது' வந்துவிட்டால் வழக்கு முடிந்தது. மேன்முறையீடு இல்லை.

கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். கொக்கியில் சாக்கை மாட்டியவளுக்கு அது சிரிப்பன்று. குறித்த எடைக்குக் கொஞ்சம் குறைந்தாலும் அன்றைய நாள் 'அரைப் பேர்' ஆகிவிடும். பகல் முழுவதும் மலையேறி இறங்கியவளுக்குப் பாதி நாள் சம்பளம்தான் விழும். ஆகவே 'ரெண்டு கிலோ' என்பது செல்லப் பெயரன்று. அதைச் சொல்லும்போது பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டே சொல்வார்கள்.

அந்தப் பற்களுக்கு நடுவேதான் நான் வளர்ந்தேன். பள்ளியில் தமிழுக்குத் தொண்ணூற்றிரண்டு வாங்கியபோது, கடைசி வரிசை வாங்கிலிருந்து "தொண்ணூறு!" என்று ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்து உருண்டது, ஆசிரியைகூடக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பல்கலைக்கழகத்தில் யாராவது வீட்டைப் பற்றிக் கேட்டால், பெரியப்பா தோட்ட நிருவாகத்தில் இருக்கிறார் என்பேன். நிருவாகம் என்பது பரந்த சொல். அதற்குள் ஒரு தராசைச் சௌகரியமாக மறைத்துவிடலாம்.

அவருக்காக ஒன்று சொல்ல வேண்டும்: அவர் பாரபட்சம் பார்த்ததில்லை. ஒருமுறை தம்முடைய சொந்த ஆட்டை விற்க நோர்வூட் டவுனிலிருந்து இறைச்சிக்கடை நானாவை வரவழைத்தார். ஆட்டைத் தராசில் தூக்கியதும் முள் இருபதில் நின்றது. பெரியப்பா கம்பீரமாகப் "பதினெட்டு!" என்றார். நானா ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, "அல்லாட காவல், இப்பிடி ஒரு யாவாரிய நான் என் வாழ்நாள்ல கண்டதில்ல" என்று ஆட்டை அவசரமாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பெரியம்மா அந்த வாரம் முழுவதும் பெரியப்பாவுடன் பேசவில்லை. இன்னொரு முறை மருத்துவ முகாமில் தாதி அவரை நிறுத்து "அறுபத்தெட்டு" என்றபோது, "அறுவத்தாறுன்னு போடுங்க மிஸ், சட்ட ஈரமா இருக்கு" என்று திருத்தினாராம். தாதி சிங்களப் பெண். அவருக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் தேடினார்களாம்.

சென்ற விடுமுறையில் நான் வீட்டிலிருந்தபோது, எங்கள் லயத்து வரிசையில் நான்காவது வீட்டுச் செல்வி அக்காவின் மகன் தர்ஷனுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்றரை வயது நிரம்பாத குழந்தை. கன்னங்கள் இரண்டும் பேக்கரிப் பணிஸ்போல இருக்கும். ஹட்டனில் இரத்தம் பார்த்தாயிற்று. டெங்கு இல்லை, காதுக்குள்தான் புண் என்று தெரிந்தது. ஆயினும் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் அழுதது, உடம்பு கொதித்தது. கொழும்பில் கடையொன்றில் வேலைசெய்யும் அதன் தகப்பன் குமார் லீவு போட்டு வந்திருந்தார். அவர் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துக்காரர். எங்கள் தோட்டத்துக்கு மருமகனாக வந்தவர். செல்வி அக்கா மலைக்குப் போன காலையில், அவர்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனார்.

டிஸ்பென்சரி ஐயா இரத்தப் பரிசோதனைத் துண்டை இருமுறை படித்தார். "டெங்கு சந்தேகம் இருந்தா இத நான் கையாலயும் தொட மாட்டேன். இல்லன்னு தெரிஞ்சதாலதான் தாறேன்" என்று இபுபுரோஃபன் பாணி மருந்துப் போத்தல் ஒன்றை எடுத்து வைத்தார். காய்ச்சலும் இறங்கும், காது வலியும் அடங்கும். ஆனால் குழந்தையின் எடைக்குத் தக்கபடி அளந்துதான் கொடுக்க வேண்டும். டிஸ்பென்சரித் தராசோ பெட்டரி தீர்ந்து மேசைக்கடியில் கிடந்தது.

"பிள்ள எத்தன கிலோ?" என்று கேட்டார்.

குமார் விழித்தார். மகன் பிறந்ததிலிருந்து விடுமுறைக்கு விடுமுறை பார்ப்பவர். பெரிதாகிவிட்டான் என்பதுதான் அவருக்குத் தெரிந்த எடை.

"சரி, மடுவத்துல தராசு தொங்குதுல்ல? நிறுத்துட்டு வந்து சொல்லுங்க."

கொழுந்து இன்னும் இறங்காத நேரம். மடுவத்தில் பெரியப்பா மட்டும் இருந்தார். குழந்தையை எதில் வைத்து நிறுப்பது? புதிய கொழுந்துச் சாக்கொன்றை உதறி, அதற்குள் தர்ஷனை இறக்கி, தலை மட்டும் வெளியே தெரியும்படி கொக்கியில் மாட்டினார்கள். அழுதுகொண்டிருந்த பிள்ளை ஊஞ்சல் என்று நினைத்து ஒரு கணம் சிரித்ததாம். முள் ஒன்பதில் நின்றது; குமாரின் கண் மகனின் சிரிப்பில் இருந்தது. பெரியப்பா நிமிர்ந்தார். ஆளில்லாத மடுவம் அதிரும்படி, "ஏழு! அடுத்தது!" என்றார்.

குமார் ஏழைச் சுமந்துகொண்டு டிஸ்பென்சரிக்குப் போனார். ஐயா ஏழு கிலோவுக்கு எவ்வளவோ, அவ்வளவை அளவுமூடியில் கோடு காட்டிக் கொடுத்தார்.

மருந்து குடித்த குழந்தைக்குக் காய்ச்சல் சற்றே இறங்குவதுபோல் இறங்கி, மத்தியானத்துக்குள் மறுபடி ஏறிவிட்டது. அழுகை நிற்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு ஓடிவந்த செல்வி அக்கா பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டு, "நிறுத்துத்தான் மருந்து குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"ஆமா, நிறுத்தாச்சு. ஏழு கிலோ."

"ஏழா? என்னாங்க சொல்றீங்க! போன கிளினிக்குல ஒம்பது இருந்தானே!"

அந்தக் கூச்சலில் லயம் திரண்டுவிட்டது. ஒரு மாதத்தில் இரண்டு கிலோ! காலையில் அதே குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போனவர்களுக்கெல்லாம் இப்போது எலும்பு தெரிந்தது.

"அதானே பாத்தேன், கன்னம் ஒட்டிப்போச்சே!" என்றார் கடைசி வீட்டு அஞ்சலை அக்கா, பணிஸ் கன்னத்தை இரண்டு விரலாலும் பிடித்துக்கொண்டு. ஒருவர் திருநீறு கொண்டுவந்தார். ஒருவர் ஹட்டனுக்குப் போக த்ரீவீலுக்குப் போன் அடித்தார்.

"நேரங்காலம் பாக்காம இன்னொரு மூடி ஊத்து செல்வி" என்றார் அஞ்சலை அக்கா. "இல்லாட்டி எங்கிட்டப் பெரியவங்க மாத்திர இருக்கு. பாதிய ஒடச்சுக் கரைச்சுக் குடு."

"டிஸ்பென்சரி ஐயாவக் கேக்காம எதுவும் குடுக்காதீங்க அக்கா" என்றேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத குரல் எனக்கு. நல்லவேளையாகச் செல்வி அக்காவுக்குக் கேட்டது. போத்தலுக்கு எட்டிய கையை மடக்கிக்கொண்டு, "பிள்ளை உருகிப் போறானே" என்று அழத் தொடங்கினார்.

அப்போதுதான் பெரியப்பா சாப்பாட்டுக்காக அந்த வழியே வந்தார். "என்னா கூட்டம்? யாருக்கு என்னா?"

"செல்வி மகனுக்குங்க ஐயா. ஒரு மாசத்துல ரெண்டு கிலோ கொறஞ்சுபோச்சுங்க பிள்ள!"

நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். குடையை ஊன்றினார். அவருடைய உதடுகள் அசைவதைக் கண்டேன். என் பெரியப்பா வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கூட்டல் கணக்குச் செய்துகொண்டிருந்தார். ஏழும் இரண்டும்.

அவர் அப்படியே நடந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் அறிந்திருக்கப் போவதில்லை. குமாருக்கே விளங்கவில்லை. பெரியப்பா தொப்பியைக் கழற்றினார்.

"பிள்ளைக்கு ஒண்ணும் கொறையல" என்றார். அது மடுவத்துக் குரலாக இல்லை. "முள்ளு ஒம்பதுலதான் நின்னுச்சு. நான்தான் கழிச்சுப்புட்டேன்."

 அஞ்சலை அக்கா, பல வருடம் காத்திருந்தவர்போல நிதானமாகக் கேட்டார்:

"பச்சப்பிள்ளைக்கு என்னா ஈரம் ஐயா? பனி ஈரமா, வேர்வ ஈரமா?"

ஒருவரும் சிரிக்கவில்லை.  செல்வி அக்கா ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எங்கள் இருவருக்கும் இலகுவாக இருந்திருக்கும். அவர் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"அதுகிட்ட மொத்தமே ஒம்பது கிலோதாங்க ஐயா இருக்கு."

நான் பெரியப்பாவின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதற்கு வேறு இடம் தெரியவில்லை. நெடுங்காலமாக அவருக்காக நான் வெட்கப்பட்டு வந்திருக்கிறேன். ஆனால் அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. கழுத்துவரை சிவந்து, கையிலிருந்த தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற அந்த மனிதரைப் பார்க்க, என் வெட்கம் மிகச் சிறியதாகப் பட்டது.

அவர் டிஸ்பென்சரிக்கு ஓடினார். ஓடினார் என்பது மிகையன்று. கால்சட்டையும் கோட்டும் குடையுமாகக் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். விஷயத்தைக் கேட்ட டிஸ்பென்சரி ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"தராசு சொல்றத வந்து சொல்லுங்கன்னா, தராசுக்கே புத்தி சொல்லியிருக்கீங்க!"

"தப்புத்தாங்க. இப்பப் போயி மீதிய ஊத்திரட்டுங்களா?"

"ஊத்தாதீங்க! இங்கயும் கூட்டல் கழித்தலா? அடுத்த வேள நேரம் வரட்டும், அப்ப ஒம்பது கிலோவுக்கு உள்ளதக் குடுங்க. அதுவரைக்கும் பால், தண்ணி, கஞ்சி, எது எறங்குதோ அதக் குடுங்க. மருந்து அடியில தங்கிரும், நல்லாக் குலுக்கித்தான் ஊத்தணும். பிள்ள சோந்து கெடந்தாலோ மூத்திரம் போகாட்டியோ நிக்காம ஹட்டனுக்குக் கொண்டுபோங்க." புதிய கோட்டை அளவுமூடியில் என்னிடம் காட்டினார். பெரியப்பாவிடம் காட்டவில்லை.

ஆகவே காத்திருந்தோம். செல்வி அக்கா வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில், வாசலுக்கு ஒரு பக்கம் பெரியப்பா, மறு பக்கம் குமார். ஒருவர் எடையைக் குறைத்தவர், மற்றவர் எடையே அறியாதவர். உள்ளே பிள்ளை சிணுங்கும்போதெல்லாம் இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. பின்னேரக் கொழுந்தை நிறுக்க மடுவத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது, பெரியப்பா எழவில்லை. "வேற ஆளப் பாக்கச் சொல்லு" என்றார். துரை கேட்டால் என்ன சொல்வது என்று வந்தவன் இழுத்தான். "ரெண்டு கிலோவுக்குச் சொகமில்லன்னு சொல்லு." அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

நேரம் வந்தது. பிள்ளைக்கு நாலு வாய் கஞ்சி இறங்கியிருந்தது. போத்தலைக் குலுக்கும் பொறுப்பைப் பெரியப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் குலுக்கிய குலுக்கலில் அடியில் மருந்து தங்கியிருக்க நியாயமில்லை. போத்தல் தங்கியதே பெரிது. அஞ்சலை அக்காவே, "போதுங்க ஐயா, மூடி கழண்டுறப்போகுது" என்று தடுக்க வேண்டியிருந்தது. புதிய கோடுவரை நான் ஊற்றினேன். செல்வி அக்கா புகட்டினார். பெரியப்பா வாசற்படிக்கு வெளியே நின்று, மூடியில் கடைசித் துளி வழியும்வரை கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் குழந்தை காதிலிருந்து கையை எடுத்தது. பிறகு அழுகை விம்மலாகி, விம்மல் மூச்சாகி, தூங்கிப்போனது. செல்வி அக்கா வெளியே எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் உள்ள வாங்க. தேத்தண்ணி ஆறிப்போகுது" என்றார். இரண்டு ஆண்களும் எழுந்தார்கள். யார் முதலில் நுழைவது என்று தெரியாமல் வாசலில் சற்று நேரம் தடுமாறினார்கள்.

பெரியப்பா தேநீரைத் தொடவில்லை. பாயோரத்தில் குந்தி, போர்வைக்கு வெளியே கிடந்த பாதத்தை ஒற்றை விரலால் தொட்டார். உடனே எடுத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பி, எனக்குத் தெரியாத செய்தி ஒன்றைச் சொல்பவர்போல, "சூடு இல்லம்மா" என்றார்.

"இல்லதான் பெரியப்பா" என்றேன். "நல்லாத் தொட்டுப் பாருங்க."