பழைய நாக்குக்காரர்

உங்கள் குடும்பத்தில் ஒருவர் இருப்பார். இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் இவர் இல்லாத வீடு அபூர்வம். தட்டு முன்னால் வந்ததும் முதல் வாயை எடுத்து வைப்பார், கண்ணை மூடுவார், மெதுவாக மெல்லுவார், பரிமாறியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அவரோ அவளை அங்கேயே நிறுத்திவிட்டு ஐம்பது வருஷம் பின்னால் போய், அங்கே யாரோ எப்போதோ வைத்த குழம்பைச் சாவகாசமாக ருசி பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "கொள்ளாம்... ஆனா" என்பார். கொள்ளாம் என்றால் இந்தப் பக்கத்தில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆனாவுக்குப் பிறகு என்ன வரும் என்று நான் சொல்ல வேண்டுமா? இவர்களுக்குப் பழைய நாக்குக்காரர்கள் என்று பெயர். வாயில் இருப்பதைத் தின்னத் தெரியாது. என்றைக்கோ செரித்துப்போனதைத்தான் தின்றுகொண்டிருப்பார்கள்.

மாதிரிக்கு வடசேரி செல்வதாஸை எடுத்துக்கொள்வோம். அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான், அதில் ஒரு குறையும் இல்லை. முட்டம் கடற்கரைக்கே நேரில் போய் மீனைத் துடிக்கத் துடிக்க வாங்கி வந்து கொடுப்பார். அது குழம்பாகி மேசைக்கு வந்ததும், "அந்தக் காலத்து மீனுக்கே ஒரு ருசி உண்டும் கேட்டியா" என்பார். பாவம், மீன் என்ன செய்யும்?

மீனை விடுங்கள். மருமகள் ஜெனிலா என்ன செய்வாள்? ஜெப்சனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. புளிக்கறி வைத்தாள்: அவருடைய அம்மை வைத்த புளிக்கறி தெருமுக்கு வரைக்கும் மணக்குமாம். அவியல் வைத்தாள்: அம்மையின் அவியலில் ஒவ்வொரு காயும் தனித்தனியாகப் பேசுமாம். கிறிஸ்துமஸுக்கு விரல் வெந்துபோக முந்திரிக்கொத்து சுட்டாள். அம்மையின் முந்திரிக்கொத்தைக் கடிக்கவே வேண்டாமாம், பார்த்தாலே உதிருமாம். ஜெனிலா ஆசைப்பட்டது அதிகமில்லை. ஒரே ஒரு 'கொள்ளாம்'. வால் இல்லாத கொள்ளாம். அதற்காக அவள் தலைகீழாக நிற்கவும் தயாராக இருந்தாள்.

பையனுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. கேக்கு பேக்கரியிலிருந்து, பிரியாணி ஓட்டலிலிருந்து. வீட்டில் தன் கையால் ஒன்றே ஒன்று செய்வேன் என்று ஜெனிலா பிடிவாதமாக நின்றாள். மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, விரல் நீளத்துக்கு வெட்டி அவித்து, தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் புளியும் உப்பும் சேர்த்து அரைத்து, தேங்காய் எண்ணெய் ஊற்றி, பிள்ளைகளுக்கு எரிக்காமலிருக்கக் கெட்டித் தயிரும் கலந்து ஒரு சம்மந்தி, அதாவது துவையல். பிள்ளைகள் அதை 'டிப்' என்றார்கள். மிக்ஸியில் அடித்தால் மாமா விடமாட்டார் என்று தெரிந்து, கோட்டாறு கடைத்தெருவில் ஒரு குட்டி அம்மி வாங்கி வந்து, கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுக அரைத்தாள். இனி எந்த வாயால் குறை சொல்வார், பார்ப்போம்!

கேக்கு வெட்டியாயிற்று. சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம். வீட்டுக்கு மூத்தவர் செய்வதுதான் வழக்கம். செல்வதாஸ் எழுந்தார், தொண்டையைச் செருமினார். பரம பிதாவுக்கு நன்றி சொன்னார். பேரனுக்காக நன்றி சொன்னார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஆண்டவரே, எங்கள் தாயார் மண்சட்டியில் கிழங்கு அவித்து, அம்மியில் சம்மந்தி அரைத்து, எங்களுக்குப் பகிர்ந்து கொடுத்த அந்தக் கரங்களுக்காக ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்து, அந்த அம்மி, அந்த அடுப்பு, அந்தக் காந்தாரிச் செடி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஸ்தோத்திரம் செலுத்தினார். பிள்ளைகள் ஒற்றைக் கண்ணைத் திறந்து கிழங்கைப் பார்த்தார்கள். கிழங்கு ஆறி விறைத்துக்கொண்டிருந்தது. கடைசியில், "இதையும் ஆசீர்வதியும்" என்று முடித்தார். ஜெனிலாவின் காலை நேரம் முழுவதும் அந்த 'இதையும்' என்பதற்குள் அடங்கிப்போயிற்று. ஆமென் என்று முதலில் கத்தியவள் அவள்தான்.

செல்வதாஸ் ஒரு துண்டை எடுத்து முக்கி வாயில் வைத்தார். கண்ணை மூடினார்.

"மிக்ஸியா?"

"இல்ல மாமா. அம்மியில அரைச்சதாக்கும்."

"கல்லு புதுசு. கல்லுக்கு வயசு பத்தாது மக்கா. கொள்ளாம்... ஆனா அம்மைக்க சம்மந்தி..."

ஜெனிலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காந்தாரிக் காரம் என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். செல்வதாஸ் அதையெல்லாம் கவனிக்கவில்லை. சாட்சிக்கு ஆள் தேடினார். பக்கத்தில் அவருடைய அக்கா நேசபாய் உட்கார்ந்து ரசித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, நீயே சொல்லு. அம்மை அரைச்ச மாதிரி வருமா?"

"அம்மை எப்பம்லே அரைச்சா?" என்றாள் நேசபாய். "அம்மை டீச்சரு. காலம்பற பள்ளிக்கூடத்துக்குப் போனா அந்திக்குத்தான் வருவா. அம்மி எந்த மூலையில கெடந்துன்னு அவளுக்குத் தெரியுமா? அரைச்சது நான். நீ அத வாயில வச்சியா? 'எதுத்த வீட்டு பகவதி மாமி அரைக்கிய மாதிரி இல்ல'ன்னு தட்ட நீக்கி வச்சிட்டு எந்திரிச்சுப் போவ. எத்தற நாளு அடுக்களையில இருந்து அழுதிருக்கேன் தெரியுமா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. நேசபாய் விடவில்லை. "அந்தப் பகவதி மாமிக்க மவன் சுயம்பு இருந்தாம்லா, அவன் எனக்க சம்மந்திக்கு எங்க வீட்டுல வந்து காத்துக் கெடப்பான். அவனுக்கு அவனுக்க அம்மை அரைச்சது ஆகாது!"

வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே தோல்வியை ஒப்புக்கொண்டிருப்பார்கள். ஜெனிலா ஆவலோடு மாமாவின் முகத்தைப் பார்த்தாள். இப்போது வருமா? இப்போதாவது வருமா?

செல்வதாஸ் மீதியிருந்த துண்டால் கிண்ணத்தை வழித்துத் தின்றார். பிறகு நெகிழ்ந்துபோன குரலில் சொன்னார்: "அப்பம் அது ஒனக்க கையா, அக்கா? அதாம் பாத்தேன். அந்தக் கை இப்பம் எவளுக்கு உண்டும்?"

பழைய நாக்குக்காரரை ஆதாரம் காட்டி ஜெயிக்க முடியாது. ஆளை மாற்றிக்கொள்வாரே தவிர, எதிரில் நிற்பவளுக்கு அந்த இடத்தைக் கொடுக்க மாட்டார்.

அடுத்த மாதம் செல்வதாஸின் மகள் ஷைஜா மார்த்தாண்டத்தில் புது வீட்டுப் பிரதிஷ்டை வைத்தாள். ஜெனிலாவிடம் ஃபோனில் பக்குவம் கேட்டு அவளும் கிழங்கும் டிப்பும் செய்திருந்தாள். செல்வதாஸ் முக்கினார், வாயில் வைத்தார், கண்ணை மூடினார். ஷைஜா கரண்டியோடு நின்றாள். ஜெனிலா சற்றுத் தள்ளி, தட்டோடு நின்றாள்.

"மக்கா, எனக்க மருமவ ஒண்ணு அரைச்சா, பாக்கணும். அதுல்லா கொள்ளாம்! நாக்குலயே நிக்குது. இது அதுக்குப் பக்கத்துல வராது."

வந்தேவிட்டது! நாலு வருஷம் காத்திருந்தது, வால் இல்லாமல், சுத்தமாக. ஆனால் இன்னொருத்தியின் வீட்டில், இன்னொருத்தியின் தலைமேல் வந்து விழுந்தது. ஷைஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. அந்த முகத்தை ஜெனிலாவை விட நன்றாக அறிந்தவர் யார்? 'இல்ல மயினி, ஒங்களுக்கதுதான் நல்லாருக்கு' என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, நாலடி முன்னால் வந்து கேட்டாள்:

"என்ன மாமா சொன்னிய? இந்தச் சத்தத்துல சரியாட்டு கேக்கல்ல. இன்னொரு தரம் சொல்லுங்க."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். இன்று மதியம் உங்கள் தட்டில் விழுந்ததைப் பற்றி, அதைச் செய்தவர் காதில் விழும்படி ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் சந்தோஷம். சொல்லவில்லையா? பரவாயில்லை, அடுத்த வீட்டு விருந்தில் சொல்லிக்கொள்ளலாம்.