லின் சாருக்கு வைத்த சூப்

வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு அவர் ஊர்ச் சாப்பாட்டையே சமைத்துப் போட்டு அசத்திவிடலாம் என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் அப்படி அசத்தியவள்.

என் கணவருக்கு அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. அங்கே புது மெஷின் பொருத்த, லின் என்று ஓர் இன்ஜினியர் சீனாவிலிருந்து வந்திருந்தார். சுத்த சைவம்.

"பாவம் சுமதி, மூணு வாரமா தயிர் சாதத்தையே தின்னுகிட்டு கெடக்குறாரு. ஞாயித்துக்கெழம மதியம் நம்ம வூட்டுக்கு வரச் சொல்லிட்டேன்" என்றார் கணவர்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "அவங்க ஊரு டம்ப்ளிங் சூப்பே வெச்சுடுறேங்க!" (டம்ப்ளிங்கை நான் பார்த்ததே போனில்தான்.)

வீடியோவில் ஒரு பெண் இந்தியில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே மடித்தாள். 'கோபி' என்றாள். அது காலிஃபிளவரா முட்டைக்கோஸா என்று தெரியாமல் இரண்டையும் பொடியாக நறுக்கி வதக்கினேன். மைதாவை மெல்லிசாகத் தேய்த்து உள்ளே வைத்து மூடினேன். அவளுக்குப் பூ மாதிரி வந்தது. எனக்குக் காது அறுந்த சோமாஸ் மாதிரி வந்தது.

"அத்தை, இத ஆவியில வேக வெக்கணுமா, தண்ணியிலயா?" என்று மாமியாரைக் கேட்டேன்.

"கொழுக்கட்டைதானடி? இட்லிப் பானையில வையி."

"சூப்புன்னா தண்ணியில கெடக்கணுமே?"

"அப்பன்னா தண்ணியில போடு. என்னைய ஏன் கேக்குற?"

கொதிக்கும் தண்ணீரில் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் தள்ளினேன். இரண்டே நிமிஷத்தில் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. காய்கறி மேலே மிதந்தது, மைதா கிழிந்து கரைந்தது. போஸ்டர் ஒட்டலாம் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் பைக் சத்தம். நான் கதவைத் திறக்க ஓடிய இடைவெளியில், "வாசனையே இல்லையே" என்று மாமியார் நெய்யில் கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்து அதன் தலையில் கொட்டிவிட்டார்.

லின் சார் கிண்ணத்தை நெடுநேரம் பார்த்தார். ஒரு கரண்டி குடித்தார். இன்னொரு கரண்டி. பிறகு போனை எடுத்து அதனிடம் என்னவோ பேசினார். போன் செய்தி வாசிப்பவர் குரலில் தமிழில் சொன்னது: "மிக நன்று. இது உங்கள் ஊரின் பாரம்பரிய உணவா?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன்.

"ஆமாந் தம்பி, ஆமாம். நல்லா சாப்புடுங்க" என்றார் மாமியார்.

எனக்கு மனசாட்சி உறுத்தியது. போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "சார், இது உங்க ஊரு சூப்பு" என்று உண்மையைச் சொன்னேன். போன் அதை என்னவென்று சொல்லியதோ தெரியாது. அவர் எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்தார். "இவ்வளவு பெருந்தன்மையா! இன்றுமுதல் இது எங்கள் ஊர் சூப்பும்தான்" என்றது போன். அதற்குமேல் நான் என்ன விளக்க? மேலும் இரண்டு கிண்ணம் ஊற்றினேன்.

ஊர் திரும்பியதும் அவர் மனைவி சமைத்த சூப்பின் படத்தை அனுப்பினார். கூடவே தமிழாக்கிய ஒரு சந்தேகம்: "எங்கள் வீட்டில் மாவு கிழியாமல் முழுதாகவே நிற்கிறது. உங்களைப்போல் கரைய வைப்பது எப்படி?"

வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. சொல்லிவிட்டு, சிரிக்காமல் சேர்த்துக்கொள்வார்: "அதெல்லாம் சொல்லிக் குடுத்து வராதுங்க. கைப்பக்குவம். எங்க மருமவளுக்கு மட்டுந்தான் வரும்."