யோதாமு நினைவுப் படகுத்துறை

யோதாமுவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது அவருடைய நினைவுப் படகுத்துறையின் திறப்பு விழாவில். பின்வரிசையில் நின்று, எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

மலாவி ஏரியின் எங்கள் கரைக்கு மழைக்காலத் தொடக்கத்தில் குங்கு வரும். பொடிப்பூச்சி. கோடிக்கணக்கில் நீரிலிருந்து எழும்பி, நடு ஏரியில் கரும்புகைத் தூணாக நிற்கும். நனைத்த கூடையைச் சுழற்றிப் பிடித்து, இடித்து, அடை தட்டித் தின்போம். கடிக்காது. பிடிக்கும்போது வாயை மூடிக்கொண்டால் போதும்.

அந்த ஆண்டு தலைநகரில் இயற்கையைக் கண்காணிப்பது மோஸ்தராக இருந்தது. ஆகவே எங்கள் கரைக்கும் ஓர் இயற்கை நிகழ்வுக் கண்காணிப்பு அலுவலகமும், அதற்குக் கச்சிங்வே என்ற மேட்டுநிலத்து அதிகாரியும் அருளப்பட்டனர். சட்டை முழுக்கப் பைகள், கழுத்தில் தொலைநோக்கி. நீர்யானை கொட்டாவி விட்டால்கூடத் தலைநகருக்குத் தகவல் போகும்.

ஒரு காலை அவர் ஏரி நடுவே புகை எழக் கண்டார். அதற்குள் ஓர் ஓடம் நுழையக் கண்டார். வெளியே வரக் காணவில்லை.

"அது யாரோட ஓடம்?" என்று கேட்டார்.

"யோதாமுவோடதுங்க," என்றார் ஊர்த்தலைவர் கம்வெண்டோ.

உடனே தொலைபேசியில் தகவல் பறந்தது: படகு தீப்பற்றியது, ஒருவர் மரணம். மாலைக்குள் வானொலி ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்தது. மறைந்தவர் நினைவாக எங்கள் ஊருக்கு ஒரு படகுத்துறை கட்டித் தரப்படும் என்றும் அறிவித்தது. மறைந்தவர் அப்போதுதான் கூடை நிறையக் குங்குவோடு கரையேறினார்.

எங்கள் துறையில் நாணலும் முதலையும் சரிபாதி. பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கித்தான் மீனைச் சுமந்துவர வேண்டும். யோதாமுவின் மனைவி எனெலேசிக்கு இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. படகுத்துறை கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் அது கவனத்தில் கொள்ளப்பட்டது.

"ஐயா, நான் சாகலைங்க," என்றார் யோதாமு.

"நீங்க புகைக்குள்ள போனதை என் கண்ணால பார்த்தேன்," என்றார் கச்சிங்வே.

"அது புகை இல்லைங்க, குங்கு."

"வெளிய வந்ததை நான் பார்க்கலையே?"

"அந்தப் பக்கமா வந்தேன்."

"அந்தப் பக்கம் என் எல்லைக்குள்ள வராது."

என் மனைவி அப்போது உயிரோடு இருந்தாள். சூடாக ஓர் அடையை நீட்டி, "அப்ப உங்க புகையைக் கொஞ்சம் தின்னு பாருங்க ஐயா," என்றாள். தின்றார். இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றார். முடிவை மாற்றவில்லை.

தலைவர் யோதாமுவைத் தனியே இழுத்துப் போனார். தனியே என்றால் நாங்கள் எல்லோரும்தான் இருந்தோம்.

"அவசரப்படாதப்பா. உயிரோட இருந்து இந்த ஊருக்கு என்னத்தக் கிழிச்ச? செத்த அன்னைக்கே துறை வாங்கிக் குடுத்துட்ட. கட்டி முடியற வரைக்கும் அப்படியே இரு."

யோதாமு மனைவியின் கையைப் பார்த்தார். "முடிஞ்சதும்?"

"அன்னைக்கே எழுந்துக்கோ. மேளம் வச்சே எழுப்புறோம்."

செத்திருப்பது சுலபமான வேலையல்ல. எரிந்துபோன ஓடத்தில் மீன் பிடிக்கக் கூடாது என்று கச்சிங்வே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். யோதாமு தன் படகுத்துறைக்கே கல் சுமந்தார். இரங்கல் உதவியாக ஒரு மூட்டை மக்காச்சோள மாவு வந்தது.

"உங்கள் இழப்பு ஈடுசெய்ய முடியாதது," என்று கச்சிங்வே எனெலேசியிடம் தலை குனிந்தார்.

"ஆமாங்க. மூட்டையை அவர்கிட்டயே குடுங்க. என்னால தூக்க முடியாது."

முதல் நினைவு நாளில் நடந்த திறப்பு விழாவில் நல்ல பேச்சுகள். மறைந்தவரின் எளிமை போற்றப்பட்டபோது யோதாமுவுக்கே கண் கலங்கியது. கைதட்டல் ஓய்ந்ததும் முன்னால் வந்தார்.

"தலைவரே, எழுந்துக்கட்டுமா?"

கம்வெண்டோ கழுத்தைச் சொறிந்தார். "அடுத்த நினைவு நாளுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுத் தர்றதாச் சொல்லியிருக்காங்க. இன்னும் ஒரே ஒரு வருசம்தான்பா."

யோதாமு எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் ஏரியை எங்களைப்போல் உன்னிப்பாகக் கண்காணித்தவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது.

அவர் ஓடத்தைத் துறைக்கு இழுத்துவந்தார். எனெலேசி கால் நனையாமல் ஏறினாள். நடு ஏரியில் குங்கு நின்றிருந்தது. இருவரும் அதற்குள் போனார்கள்.

"ஐயா, பார்த்தீங்களா?" என்றேன்.

கச்சிங்வே தொலைநோக்கியை இறக்கினார். "யாரை?"

அவர்கள் திரும்பி வரவில்லை. அந்தப் பக்கம் மொசாம்பிக். அங்கே மீன் பிடிக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். போய்ப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. இருந்தால் என்ன சொல்வது?

கூரை வரவில்லை. சில ஆண்டுகளில் ஏரி பின்வாங்கியது. படகுத்துறை உறுதியாக நிற்கிறது. அதன் கடைசிப் படியில் இறங்கி, நாணலுக்குள் நடந்தால் தண்ணீர் வரும்.