மெஹர் பானுவின் பரு மாத்திரை

நிக்காஹுக்கு நாலு மாதம் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஜெகபர் சாதிக் தலை வாரினான். சீப்பு சுத்தமாக வெளியே வந்தது. அப்படி வந்தது அதுதான் கடைசி. மறுநாளிலிருந்து முடி கொத்தாகக் கொட்டியது. ஊர் வழக்கப்படி பெண் வீட்டில் மாப்பிள்ளையாகக் குடியேறியபோது உச்சந்தலை பளபளத்தது. அதன்மேல் தொப்பி.

மாமியார் முன்னால் தொப்பி போட்டிருப்பது மரியாதை. பகல் பொழுதுக்கு அது போதும். படுக்கையிலும் கழற்றாததற்கு, "எனக்கு நீர்க்கோவை, தலையில காத்துப் படக்கூடாது" என்று மனைவி மெஹர் பானுவிடம் சொல்லிவைத்திருந்தான்.

முடி கொட்டக் காரணம் உடம்பில் ஏதோ சுரப்புக் குறைவு என்று ஊர் ஆஸ்பத்திரியின் பிரெஞ்சு டாக்டர் தினம் மூன்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். புட்டியைப் பழைய அத்தர் பெட்டிக்குள் ஒளித்தான். நாலாம் நாள் அது மாமியார் ஆஸியா பீவியின் கையில் இருந்தது.

"இது என்னா மருந்து, மாப்பிள்ளை?"

ஒட்டியிருந்த சீட்டு பிரெஞ்சில் இருந்ததால் பிழைத்தான்.

"மெஹருக்குத்தான், மாமி. மூஞ்சியில பரு வருதுல்ல? டாக்டர்கிட்ட கேட்டு வாங்கினேன்."

மெஹர் பானு தாடையைத் தடவிப் பார்த்தாள்.

"என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"சேச்சே! ரெண்டே ரெண்டுதானே இருக்கு."

"எண்ணி வேற வெச்சிருக்கீங்களா?"

ஆஸியா பீவி புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "புள்ள ஆசையா வாங்கியாந்திருக்கு. வேளை தவறாம நானே எடுத்துத் தர்றேன்."

அப்படியே தந்தாள். ஒவ்வொரு வேளையும் மெஹர் பானு மாத்திரையை வாங்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனாள்.

சாதிக் இன்னொரு புட்டி வாங்கித் தன் ஜவுளிக்கடையில், துணிக் கட்டுகளுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். பத்தே நாளில் நெஞ்சு படபடத்தது. கை நடுங்கி, மூன்று கெஜம் கேட்டவருக்கு நாலு கெஜம் கிழித்தான். பசியோ, அடங்கவில்லை. பத்து இடியாப்பம் தின்றான். ஆஸியா பீவி பூரித்துப்போய் இன்னும் ஒரு கரண்டி கறி ஆணம் ஊற்றினாள்.

மருந்துக்கடை முத்தையன் அவன் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"நாளைக்கு மூணுதான முழுங்குறீங்க, பாய்?"

"மூணேதான்."

"ஆறு முழுங்குன ஆளாட்டம்ல இருக்கீங்க?"

சாதிக் மெல்லக் கேட்டான். "சுரப்பு நல்லா இருக்கிற பொம்பளை யாராவது இதைத் தின்னா?"

"விளையாட்டா? நெஞ்சே நின்னு போகும். ஏன், யாரு தின்னா?"

பதில் சொல்லச் சாதிக் அங்கே இல்லை. மருந்துக்கடையிலிருந்து வீடுவரை ஓடினான். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மெஹர் பானு முன்னால் மூச்சிரைக்க நின்று, தொப்பியைப் பிடுங்கினான்.

"மெஹரு, அந்த மாத்திரையைத் தொடாதே! அது பருவுக்கு இல்ல. இந்தா, இதுக்கு!"

தலையைக் குனிந்து காட்டினான். சிரிப்பாளா, உம்மாவைக் கூப்பிட்டு அழுவாளா என்று தெரியவில்லை. எதுவானாலும் சரி, உயிரோடு இருந்தால் போதும்.

"நான் ஒண்ணுகூட முழுங்கலையே" என்றாள் அவள்.

"அப்ப அத்தனையும் எங்க போச்சு? நான் கடையில வேற புட்டி வாங்கி வெச்சுத் தின்னுட்டிருக்கேன்."

"உங்க மருந்தை நான் ஏன் திங்கணும்? பொடிச்சு உங்க ஆணத்துல போட்டேன். நீங்க புதுசா ஒரு புட்டி வாங்கினது எனக்கு எப்படித் தெரியும்?"

சாதிக் கீரைக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என் மருந்துன்னு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?"

அடுப்படிக்குள்ளிருந்து ஆஸியா பீவியின் குரல் மட்டும் வந்தது.

"தொப்பிதான் தினமும் தூக்கத்துல கீழ விழுந்துடுதே, மாப்பிள்ளை! அதை எடுத்து உங்க தலையில மாட்டிட்டுத்தானே இவ விடியக்காலம் சுபுஹு தொழவே வர்றா."

அன்று முதல் சாதிக் தொப்பி இல்லாமல்தான் படுத்தான். மெஹர் பானு உயிரோடு இருந்தவரை, அவன் கண் விழிக்கும்போது அது தலையில்தான் இருந்தது.