வெளியே எடுத்துச் செல்ல அனுமதி இல்லை

இனிமேல் காரை யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை என்று நூலகர் முடிவெடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை, வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக நின்றபோது. அதனால் அந்த மாபெரும் அறிவிப்பு யாருக்கும் சரியாகக் காதில் விழவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

அவர் கொப்பளித்துத் துப்பிவிட்டு மறுபடி முழங்கினார். "காரை இனிமே யாருக்கும் தரமாட்டேன். யாருக்கும்!"

"சரி. போய் அவன்கிட்ட சொல்லுங்க. அரை மணியா வாசல்ல நிக்கிறான்."

வாசலில் நின்றவன் அவளுடைய தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளன். கண்ணில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் கடையின் விளம்பரத்துக்காகக் கண்ணாடி போட்டிருப்பவன்.

"மாமா, வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஒரே ஒரு ரெண்டு மணி நேரம். எங்க கடையில கண் பரிசோதிக்கிற பொண்ணு, மேல்கூரை இல்லாத கார்ல போனதே இல்லைன்னு சொன்னா. நான் கூட்டிட்டுப் போறேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன்."

நூலகர் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வெளியே வந்தது, "பார்க்கலாம்ப்பா."

அதுதான் அவருடைய வியாதி. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வராது. நூலகத்தில் அவர் புலி. வாசகர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே 'உஷ்'. எப்பேர்ப்பட்ட பெரிய மனிதர் வந்து கெஞ்சினாலும் அசைய மாட்டார். ஏனென்றால் அங்கே அவர் தலைக்குப் பின்னால் ஒரு விதிமுறைப் பலகை தொங்குகிறது. திரும்பிப் பார்க்காமலே கட்டை விரலால் அதைக் காட்டிவிட்டால் போதும். வீட்டில் பலகை இல்லை. பலகை இல்லாத புலி என்ன செய்யும்?

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மடித்துப் பின்னால் தள்ளக்கூடிய துணிக்கூரை. வயது இருபத்திரண்டு. அப்படி ஒரு கார் வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டபோது அவருக்கும் வயது இருபத்திரண்டுதான். கைக்கு வந்தபோது ஐம்பத்தைந்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கூரையை மடித்துவிட்டு, தொப்பி போட்டுக்கொண்டு, கடலோரச் சாலையில் தனியாக ஒரு மணி நேரம் போய்வருவார். அந்த ஒரு மணி நேரம் யாரும் அவரிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். கழிப்பறை எங்கே, பழைய பேப்பர் எங்கே, மின்விசிறி ஏன் ஓடவில்லை என்று கேட்டுக் கேட்டு இருபத்தெட்டு வருஷமாகத் தேய்ந்துபோன காதுகளுக்குக் காற்று மட்டும் கேட்கும். வாரம் முழுக்க அவர் மூச்சுவிட்டதே அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான்.

அதற்குத்தான் வந்தது வினை. மாடி வீட்டு போட்டோகிராபர் ஒருநாள் கேட்டு வாங்கிப் போனார். திரும்பி வந்தபோது இருக்கை முன்னால் நகர்ந்திருந்தது, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி வானத்தைப் பார்த்திருந்தது, ரேடியோவில் யாரோ உடற்பயிற்சி சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து அவருடைய சொந்த அக்கா. "உன்னைத் தூக்கி வளர்த்தவடா நான்" என்று போனில் ஆரம்பித்தாள். அந்த வாக்கியம் முடிவதற்குள் சாவி அவள் வீட்டில் இருந்தது. கார் திரும்பி வந்தபோது இருக்கைக்கு அடியில் ஒற்றைக் காலுறை. அது யாருடையது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று முழுக்க நூலகத்தில் அவருக்கு வேலை ஓடவில்லை. மாலையில் அலமாரியைப் பூட்டும்போது அகராதிகளின் முதுகில் ஒட்டியிருந்த சிவப்புச் சீட்டு கண்ணில் பட்டது. நூலகருக்கு ஞானம் பிறந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல், கார் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டினார். 'குறிப்புதவிக்கு மட்டும். வெளியே எடுத்துச் செல்ல அனுமதி இல்லை.'

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். அவள் பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பாளர். பல்வலியில் கத்துகிறவர்களைச் சிரித்த முகத்தோடு அடுத்த வியாழக்கிழமைக்கு அனுப்பிவைப்பவள். யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வந்ததில்லை.

"இது என்னங்க?"

"ரெஃபரன்ஸ் புத்தகம் மாதிரி. பார்க்கலாம், தொடலாம், அங்கேயே உட்கார்ந்து புரட்டலாம். வெளிய கொண்டுபோக முடியாது."

"யாருமேவா?"

"யாருமே."

"என் தம்பி?"

"ரூல்னா ரூல்தான்."

"உங்க அக்கா?"

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு வீரம் வந்தது. "என்ன பேசற நீ? நூலகரே ஆனாலும் ரெஃபரன்ஸ் புத்தகத்தை வெளிய எடுக்க முடியாது, தெரியுமா? இருபத்தெட்டு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு அகராதி, நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கேனா?"

"இல்லை. பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. இல்லேன்னா தம்பி நம்ப மாட்டான்."

போட்டார். தேதியும் போட்டார். இன்னும் ஒரு படி மேலே போய், "சாவியும் உன்கிட்டயே இருக்கட்டும். யாராவது கேட்டா என்கிட்ட இல்லைன்னு நான் சொல்லிடலாம் பாரு" என்று அவள் கையிலேயே சாவியைக் கொடுத்தார். வேலியில் போகிற ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பது இதைத்தான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவருக்கு ஒரே உற்சாகம். வழக்கமான புலம்பலைக்கூட உற்சாகமாகவே புலம்பினார். "அந்த பைண்டர் இருக்கானே, அவன் ஒரு கிணறு. போட்டது திரும்பி வராது. தையல் விட்ட புத்தகங்களை அட்டெண்டர் சைக்கிள்ல கட்டிக் கொண்டுபோய்க் குடுத்து மூணு மாசமாச்சு."

"நீங்களே ஒருநாள் நேர்ல போய்க் கேளுங்களேன்."

"நானா? புத்தகக் கட்டைத் தூக்கிட்டு நூலகர் போனா மரியாதை என்ன ஆகறது? அது அட்டெண்டர் வேலை."

"அதுவும் சரிதான்" என்று அவள் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து திட்டம் அமலுக்கு வந்தது. மனைவி கார் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் ஒரு நோட்டும் பேனாவும் வைத்தாள். பெயர், வந்த நேரம், போன நேரம். கேட்டு வந்தவர்கள் எல்லோரிடமும் அதே சிரிப்பு. "எடுத்துட்டுப் போகத்தான் முடியாது. தாராளமா உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். போட்டோகிராபர் தன் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து ஸ்டீயரிங்கைப் பிடிக்கவைத்துப் படம் எடுத்தார். அக்கா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, கூரையை மடித்து, வெயிலில் கூந்தலை உலர்த்தினாள். மச்சினன் கடை முடிந்ததும் வந்து உட்கார்ந்து, வாயாலேயே வண்டியை ஓட்டினான். வந்தவர்கள் அத்தனை பேரும் கூரையை ஒரு தரம் மூடி ஒரு தரம் திறந்து பார்த்தார்கள். நூலகர் ஜன்னலிலிருந்து பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டார். போகட்டும், வாசலைத் தாண்டவில்லையே. ஞாயிற்றுக்கிழமை அவருடையது.

வெள்ளிக்கிழமை மாலை அவர் வீடு திரும்பியபோது காரில் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஓட்டுபவர் இருக்கையில் இல்லை, பக்கத்து இருக்கையில். கையில் டீ. கண் மூடியிருந்தது.

"வாங்கி நாலு மாசமாச்சு" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "இந்த சீட் இவ்வளவு நல்லா இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது."

நூலகருக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இருக்கையில் அவர் தண்ணீர் பாட்டில் வைப்பது வழக்கம். அந்த இடத்தில், 'நாளன்னிக்கு நீயும் வாயேன்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. ஆனால் கூட வந்தால் பேசுவாளே என்று நினைத்தார். "ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நூலகர் தொப்பி போட்டுக்கொண்டார். பாட்டிலில் தண்ணீர் நிரப்பினார். வாசலில் மச்சினன் அதற்குள் வந்து காரில் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. தலையை வாரிக்கொண்டிருந்தான். பாவம், உட்கார்ந்தாவது பார்க்கட்டும் என்று நூலகருக்கு இரக்கம்கூட வந்தது.

"சாவி குடு."

மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "எதுக்குங்க?"

"எதுக்கா? ஞாயித்துக்கிழமை! ஒரு சுத்து போய்ட்டு வரேன்."

"உட்கார்றதுன்னா பேர் எழுதிட்டு உட்காருங்க. தம்பிக்கு அப்புறம் உங்க முறை."

"உட்கார இல்லை. ஓட்ட!"

"அதான் முடியாதே."

"இது என் கார்!"

"நூலகரே ஆனாலும் முடியாதுன்னீங்களே" என்று அவள் சீட்டைக் காட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. கட்டை விரலால் காட்டினாள். "கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கு. உங்களுக்கு ஒரு நியாயம் உங்க அக்காவுக்கு ஒரு நியாயமா? அவங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நூலகர் வாயால் மட்டும் கெடவில்லை, கையெழுத்தும் போட்டுக் கெட்டிருந்தார்.

அவருக்குக் கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது. கடலோரச் சாலை, காற்று, யாரும் எதுவும் கேட்காத ஒரு மணி நேரம், எல்லாம் கண் முன்னால் சுருங்கிக்கொண்டே போயின. காரின்மேல் கையை ஊன்றினார். அப்போதுதான் விரலில் அது தட்டுப்பட்டது. மடித்த கூரைத் துணியின் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. ஒரு வாரமாக ஊரே மூடித் திறந்த கூரை. ஒரு முழ நீளத்துக்கு நூல் தொங்கியது.

வேறு நாளாக இருந்தால் நூலகர் அழுதிருப்பார். இன்று அவர் முகம் மலர்ந்தது.

"ரூல்தானே பேசற? கேட்டுக்கோ. எப்பேர்ப்பட்ட ரெஃபரன்ஸ் புத்தகமும் ஒரே ஒரு காரணத்துக்கு வெளிய போகும். போயே ஆகணும்!"

"எதுக்கு?"

"பைண்டிங்குக்கு!" தொங்கிய நூலைத் தூக்கிக் காட்டினார். "தையல் விட்டுப்போச்சு. சீட் கவர் தைக்கிற கடைக்கு இன்னிக்கே கொண்டுபோகணும். விட்டா மொத்தமும் கிழிஞ்சிடும்."

மனைவி எழுந்து வந்து தையலைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள், அடுத்த வியாழக்கிழமை இடம் இருக்கிறதா என்று யோசிப்பதுபோல.

"நியாயம்தான். பைண்டிங்குக்குன்னா நான் எப்படித் தடுக்க முடியும்?"

நூலகருக்கு வெற்றி தலைக்கேறியது. தையல் கடை பத்து நிமிஷ தூரம். கடலோரமாகச் சுற்றிக்கொண்டு போனால் அதையே ஒன்றரை மணி நேரம் ஆக்கலாம். இவ்வளவு பெரிய வெற்றியை நாலு நாள் தாடியோடு கொண்டாடுவதா?

"பத்து நிமிஷம். ஷேவ் பண்ணிட்டு வந்துடறேன்" என்று உள்ளே ஓடினார். இருபத்திரண்டு வயதில் பாடிய ஒரு மெட்டுக்கூட வாயில் வந்தது.

ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் நுரை தடவும்போது எஞ்சின் சத்தம் கேட்டது. எந்த ஊரில் எந்தக் கூட்டத்தில் கேட்டாலும் அவருக்குத் தெரியும் அந்தச் சத்தம். அது கிளம்பியது, வாசலைத் தாண்டியது, தெருமுனையில் திரும்பியது, தேய்ந்து போனது.

அரை முகம் நுரையோடு வாசலுக்கு ஓடிவந்தார். கார் நின்ற இடத்தில் நாலு சொட்டு எண்ணெய் இருந்தது. ஸ்டூலில் மனைவி இருந்தாள்.

"கார் எங்க?"

"பைண்டிங்குக்குப் போயிருக்கு."

"யாரு கொண்டுபோனது?"

"தம்பிதான்."

"அவன் எப்படி... நான்தானே..."

"நீங்களா? நல்லா இருக்கே. கட்டைத் தூக்கிட்டு நூலகர் போனா மரியாதை என்ன ஆகறது? அது அட்டெண்டர் வேலைன்னு நீங்கதானே சொன்னீங்க?" நோட்டைத் திருப்பிக் காட்டினாள். பைண்டிங்குக்கு எடுத்துச் செல்பவர் என்று எழுதி, மச்சினன் அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

"அந்தப் பொண்ணு?"

"அவ வீடு போற வழியிலதானாம். தையல் விட்ட துணி காத்துல பறக்காம பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்ல?"

நூலகர் படியில் உட்கார்ந்தார். கன்னத்து நுரை காய ஆரம்பித்திருந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மாடியிலிருந்து போட்டோகிராபர் எட்டிப் பார்த்து, "சார், கார் எங்க சார்?" என்று கேட்டார். போனில் அக்கா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவர் கேட்டார், ரொம்பச் சன்னமான குரலில். "எப்ப திரும்பி வரும்?"

மனைவி நோட்டை மூடினாள். "பைண்டிங்குக்குப் போனது எப்ப வரும்னு என்னைக் கேட்டா எப்படிங்க? உங்களுக்குத்தானே தெரியும்?"