ஓர்லின் காணாமற்போனது குறித்துக் குறிஞ்சிப்பாடியில் நடந்த மாநாடு

மனிதகுலம் இதுவரை எழுப்பிய கேள்விகளில் பெரியது எது என்று கேட்டால், உலகம் எப்படித் தோன்றியது, உயிர் எங்கிருந்து வந்தது என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் கடலூர் மாவட்டத்துப் பிரவுசிங் சென்டர்களை அறியாதவர்கள். 2007 தொடங்கி 2010 வரை இம்மாவட்டத்து அறிஞர் பெருமக்களைச் சோறு தண்ணி இல்லாமல் அடித்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஓர்லின் எங்கே போனது?

ஓர்லின் என்பது ‘வால்மேரா’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் ஊர். வாள், மந்திரம், பறக்கும் பல்லி எல்லாம் உள்ள ராஜ்ஜியம் அது. முதல் இரண்டு பாகங்களிலும் ராஜ்ஜியத்தின் ஓரத்தில், ஆறு கடலில் கலக்கும் இடத்தில், கொஞ்சம் குடிசைகளோடு ஓர்லின் இருந்தது. மூன்றாம் பாகத்தில் இல்லை. அரண்மனை இருந்தது. எதிரி ராஜாவின் அரண்மனையும் இருந்தது. பல்லி படுத்துத் தூங்கும் குகைகூடப் பத்திரமாக இருந்தது. ஓர்லினை மட்டும் காணோம்.

மஞ்சக்குப்பத்தில் மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருந்த மரியலூர்து இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடியவன் அல்ல. பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவன். படிப்பு துருப்பிடிக்கிறதே என்ற வருத்தம் உள்ளவன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து ‘கடல்கோள் கோட்பாடு’ ஒன்றை நிறுவினான். ஆதாரம் கண்முன்னே இருந்தது. அவனிடம் இருந்த சி.டி.யில் ஓர்லின் இருந்த இடத்தில் கடல் இருந்தது. கடல் ஒருமுறை தெருவுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போன ஊரில் இந்தக் கோட்பாட்டுக்கு எதிர்ப்பே எழவில்லை.

சிதம்பரத்தில் எழுந்தது. எழுப்பியவள் வெண்மதி, பி.எஸ்ஸி. கணிதம். அவளுடைய சி.டி.யில் அந்த இடத்தில் கடலும் இல்லை, கரையும் இல்லை. வெள்ளை வெளேரென்று ஒன்றுமில்லாமல் இருந்தது. குதிரையை ஓட்டிக்கொண்டு உள்ளே போனால் குதிரை நிற்கும், தரை இராது. திரையை விலக்கி வெற்றிடத்தைக் கும்பிட்டுப் பழகிய ஊர் அது. ‘ஓர்லின் எங்கேயும் போகவில்லை, பார்க்கத்தான் நமக்குத் தகுதி இல்லை’ என்ற ‘வெளிக் கோட்பாடு’ அங்கே பிறந்ததில் வியப்பென்ன?

இரு கோட்பாடுகளும் ஆர்குட் இணையதளத்தில் கட்டிப் புரண்டன. முதல் வருடம் வசவு, அடுத்த வருடம் போன் நம்பர், அதற்கடுத்த வருடம் காதல். அறிவுலகில் இது இயல்பான வளர்ச்சிதான். இரண்டு சி.டி.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே என்ற அற்ப யோசனை மட்டும் ஒருவருக்கும் வரவில்லை. பெரிய மூளைகள் அப்படித்தான்.

“வீட்டுல எப்பத்தான் பேசுவ?” என்பான் மரியலூர்து.

“ஓர்லின் எங்க போச்சுன்னு முடிவாவட்டும். பேசறேன்,” என்பாள் வெண்மதி.

“அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?”

“ஒரு ஊரு எங்க போச்சுங்கறதுலயே ஒத்துப்போவாத ரெண்டு பேரு ஒரே வீட்ல எப்பிடி இருக்கறது?”

வேறொருவனாக இருந்தால், அப்பாவிடம் பேசப் பயந்த பெண் வாய்தா வாங்குகிறாள் என்று புரிந்துகொண்டிருப்பான். மரியலூர்து ஆராய்ச்சியாளன். ஆகவே மாநாடு கூட்டினான்.

இடம், குறிஞ்சிப்பாடி. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் நேர்வழியில் வராத, இரு தரப்புக்கும் சமமாக அசௌகரியமான ‘நடுநிலை’ ஊர். மண்டபம், ஆண்டி சி.டி. சென்டரின் மாடி. மாவட்டத்துக்கே விளையாட்டு சி.டி. சப்ளை செய்துவந்த ஆண்டி, மாடியைக் கொடுத்து டீ, மசால்வடைச் செலவையும் ஏற்றுக்கொண்டார். எனவே சம்பிரதாயப்படி அவரே ‘சிறப்பு விருந்தினர்’. டீ வாங்கித் தந்தவருக்குப் பொன்னாடை போர்த்தாமல் தமிழகத்தில் எந்த உண்மையும் கண்டறியப்பட்டதில்லை.

விவாதம் தொடங்கியது.

“எங்க ஊரு உப்பனாறு மாதிரிதான் மச்சான்,” என்றான் மரியலூர்து, அலையின் வேகத்தைப் போர்டில் எழுதியபடி. “முகத்துவாரம் நகருது. ஊரு உள்ள பூடுது.”

“அந்தக் கடல எங்க சி.டி.ல காட்டு பாப்போம்,” என்றான் சிதம்பரம் அணித் தலைவன் தட்சிணாமூர்த்தி.

“ஒங்க கண்ணுல கோளாறு.”

“ஒங்க ஞானத்துல கோளாறு.”

கடைசியில், வடை ஆறிவிடும் என்ற அச்சத்தில், சமரசத் தீர்மானம் உருவானது: ‘ஓர்லின் ஒரே சமயத்தில் கடலாகவும் வெளியாகவும் இருக்கிறது.’ பலத்த கைதட்டல். மரியலூர்து வெண்மதியைப் பார்த்தான். இனி வாய்தா இல்லை. அவள் ஏனோ தரையைப் பார்த்தாள்.

அப்போது சிறப்பு விருந்தினர் ‘இரண்டு வார்த்தை’ பேச எழுந்தார். பொன்னாடையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“எனக்குப் பேசல்லாம் வராது. எங் கைவேலய வச்சி இம்மாம் பெரிய மீட்டிங் நடக்கறதப் பாத்தா கண்ணு கலங்குது. அந்த ஊர எடுத்தது நாந்தான்.”

சபை கைதட்டியது. பிறகு கை பாதியில் நின்றது.

“என்னாண்ணே சொல்றீங்க?”

“ஒரிஜினல் பெரிய டிவிடி தம்பி. அப்ப ஒங்ககிட்ட இருந்ததெல்லாம் சி.டி. டிரைவுதான. ஒரு சி.டி.ல அடங்கணும். மியூசிக்க எடுத்துப் பாத்தேன், பத்தல. ஊர எடுத்தேன், கச்சிதமா உக்காந்துச்சி. கடலூர் சரக்குக்குப் பக்கத்துல இருந்த கடல இழுத்து மூடிட்டேன். சிதம்பரம் சரக்கு அவசரம், பஸ்ஸு கெளம்பிடுச்சி. அப்பிடியே உட்டுட்டேன்.”

வெண்மதி எழுந்தாள். “அண்ணே, ரெண்டு அரண்மன இருக்கே. அதுல ஒண்ண எடுத்திருக்கலாமில்ல?”

“அரண்மனய எடுத்தா கஸ்டமர் சட்டயப் புடிப்பான் பாப்பா. இது ஓரத்துல கெடந்த ஊரு. நாலு குடிச. யாரு கேக்கப் போறான்னு எடுத்தேன்.”

“நாங்க கேட்டமே,” என்றான் மரியலூர்து.

“எங்க போச்சுன்னு கேட்டீங்க. யாரு எடுத்தான்னு ஒருத்தரும் கேக்கலியே தம்பி. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பனே.”

மாநாடு நிலைகுலையவில்லை. ஆண்டியின் கூற்றை ‘மூன்றாவது கோட்பாடு’ என்று பதிவுசெய்து, அதன் உண்மைத்தன்மையை ஆராயத் தட்சிணாமூர்த்தி தலைமையில் துணைக்குழு அமைத்தது. ஆண்டியும் அதில் ஒரு உறுப்பினர்.

மரியலூர்து மட்டும் இறங்கி வந்து படியில் உட்கார்ந்தான். கோட்பாடு போனதுகூடப் பெரிதில்லை. இனி அவள் எதைச் சொல்லித் தள்ளிப்போடுவாள் என்பதுதான் கவலை. சிறிது நேரத்தில் வெண்மதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அதான் முடிவாயிடுச்சே. வீட்டுல பேசு,” என்றான்.

“பேசிட்டேன். போன வாரமே.”

“இன்னா சொன்னாரு ஒங்கப்பா?”

“சர்ச்சுக்குப் போற பையனான்னு சத்தம் போடுவாருன்னு நெனச்சேன். போடல. கடலூர்ல எந்தத் தெருன்னு மட்டும் கேட்டாரு. சொன்னேன். அப்பிடி ஒரு தெருவே இல்லன்னுட்டாரு.”

“இல்லியா? வரிசயா வூடு இருக்குது, மாதா செல வச்ச கெபி இருக்குது. நீயே பஸ்லேருந்து பாத்தியே.”

“பாத்தேன்னுதான் சொன்னேன். அவரு வேல பாக்கற டவுன் பிளானிங் ஆபீஸ்ல புதுசா போட்ட டவுன் மேப்ப விரிச்சிக் காட்டினாரு. ஒந் தெரு இருக்கற எடம் வெள்ளையா கெடக்குது லூர்து. குறுக்கால ஒரு ரோடு போவுது.”

மரியலூர்து யோசித்தான். பழக்கதோஷம்.

“ஒருவேள கெடிலம் ஆத்துல வெள்ளம் வந்தப்ப அளந்திருப்பாங்க. தண்ணி நின்னிருக்கும். இல்லன்னா ஆறு அந்தக் காலத்துல...”

“தியரி சொல்லாத,” என்றாள் வெண்மதி.

மாடியில் துணைக்குழு எதற்கோ கைதட்டியது.

“நாளைக்குக் காலைல அந்த ஆபீசுக்குப் போவோம். நானும் வரேன். யாரு எடுத்ததுன்னு கேப்போம்,” என்றாள்.

“யாரப் போய்க் கேக்கறது? அங்க அத்தன பேரு இருப்பாங்களே?”

“எங்கப்பாவத்தான்,” என்றாள். “அந்த மேப்ப வரைஞ்சதே அவருதான்.”